ஈய எழுத்துகளின் கதை – 9: சாய்வெழுத்தை வெட்டியவர்

சென்ற வாரம் வெனிஸில் நின்றோம். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆல்டஸ் மனூட்டியஸ், நாற்பது வயதை ஒட்டி அந்த வேலையை விட்டுவிட்டு அச்சுத் தொழிலுக்கு வந்தார். முதல் போட்டவர் வெனிஸின் ஆட்சித் தலைவர் குடும்பத்தைச் சேர்ந்த பியர்பிரான்செஸ்கோ பார்பரிகோ. தொழில் தெரிந்த கூட்டாளி ஆந்திரேயா தொரெசானி.

1495 முதல் 1498க்குள் அரிஸ்டாட்டிலைக் கிரேக்க மொழியிலேயே ஐந்து தொகுதிகளாக அச்சிட்டு முடித்தார்கள். இடையில் 1496 பிப்ரவரியில், எட்னா எரிமலைக்குப் போய்வந்த பியெத்ரோ பெம்போ என்ற இளைஞரின் சிறு நூல் ஒன்றும் வந்தது. அந்த நூலின் நேரெழுத்து பின்னாளில் பாரிஸ் அச்சர்களுக்கு முன்மாதிரி ஆனதைப் பார்த்தோம்.

கிரேக்கமோ லத்தீனோ, இந்த எழுத்துகளை எஃகில் வெட்டியவர் ஒருவரே. பொலோஞ்ஞா நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகன், பிரான்செஸ்கோ கிரிஃபோ.

இந்த வாரம் அவருடைய முறை.

* * *

ஒத்திகை

1500 செப்டம்பர். ஆல்டஸின் அச்சுக்கூடத்திலிருந்து சியென்னா நகரத்துப் புனிதை கேத்தரீனின் கடிதங்கள் வெளியாகின்றன. கனமான நூல். அதில் ஒரு மரச்செதுக்குப் படம். புனிதை நிற்கிறார். ஒரு கையில் விரித்த புத்தகம், இன்னொரு கையில் இதயம்.

அந்த விரித்த புத்தகத்திலும் இதயத்திலும் இயேசுவின் பெயரை விளிக்கும் சில சொற்கள் இருக்கின்றன. மற்ற எழுத்துகள் எல்லாம் நேராக நிற்க, இந்தச் சில சொற்கள் மட்டும் மெல்ல வலப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.

அச்சு வரலாற்றில் சாய்வெழுத்து முதன்முதலாகத் தலைகாட்டியது இங்கேதான். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? ஆனால் அச்சுக்கூடத்துக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். முழு எழுத்துத் தொகுதியும் அப்போது கிரிஃபோவின் மேசையில் உருவாகிக்கொண்டிருந்தது.

ஏழு மாதம் போயிற்று.

* * *

1501 ஏப்ரல்

வர்ஜிலின் கவிதைகள் வெளிவந்தன. புத்தகத்தைக் கையில் வாங்கியவருக்கு முதலில் வியப்புத் தந்தது அளவு. முழுத்தாளை மூன்று முறை மடித்து எட்டு இலையாக்கிய நூல். நம் பதிப்பகத்தார் இன்றும் 'டெம்மி ஒன்றுக்கு எட்டு' என்கிறார்களே, அந்த எட்டு. உள்ளங்கையில் பிடித்து ஒரே கையால் படிக்கலாம்.

இதற்கு முன்பும் சிறிய புத்தகங்கள் இருந்தன. ஜெபப் புத்தகங்கள் பல அந்த அளவில்தான் வந்தன. ஆனால் வர்ஜில் போன்ற பழம்பெரும் கவிஞரை அச்சிடுவதென்றால் பெரிய தாள், நடுவில் மூலம், நாலு பக்கமும் உரை என்பதே வழக்கம். மேசையில் விரித்து வைத்துத்தான் படிக்க முடியும். அது மாணவருக்கும் ஆசிரியருக்கும் உரிய புத்தகம்.

ஆல்டஸ் உரையைத் தூக்கிவிட்டார். மூலம் மட்டும். பக்கத்துக்கு 30 வரி.

இந்த யோசனை அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. பெம்போவின் தந்தை பெர்னார்தோ பெம்போவின் நூலகத்தில் சிறிய அளவில் கையால் எழுதிய லத்தீன் கவிதை நூல்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் இந்த அளவை எடுத்துக்கொண்டதாக ஆல்டஸே 1514இல் எழுதினார்.

அளவுக்கு அடுத்த வியப்பு எழுத்து. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நூல் முழுவதும் சாய்வெழுத்து. ஒரு சொல்லை அழுத்திச் சொல்லவோ, புத்தகத் தலைப்பைத் தனித்துக் காட்டவோ அது அங்கே வரவில்லை. மொத்தக் கவிதையையும் சுமந்து நின்றது அதுதான்.

தாளை மிச்சம் பிடிக்கத்தான் ஆல்டஸ் சாய்வெழுத்தைக் கொண்டுவந்தார் என்று அச்சு வரலாற்று நூல்கள் பலவற்றில் படித்திருப்பீர்கள். அதை நான் ஏற்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பாருங்கள். நாலு பக்கமும் ஓரம் தாராளமாக விட்டிருக்கிறது. தாளைச் சிக்கனம் பண்ணுகிறவர் அப்படி ஓரம் விடமாட்டார். வர்ஜிலின் அடி நீளமானது. சிறிய பக்கத்தில் அகலமான நேரெழுத்தை வைத்தால் அடி உடைந்து அடுத்த வரிக்கு இறங்கும் அபாயம் இருந்தது. கவிதை படிப்பவருக்கு அது காலில் கல் இடறுவது போல. ஒடுக்கமான சாய்வெழுத்தில் ஓரடி ஒரு வரியில் அடங்கிற்று. கவிதையின் அடி உடையக்கூடாது என்பதே அவருடைய முதல் கவலை என்பது என் கணிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. அது எழுத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

* * *

பேனா போன வழி

எண்பது ஆண்டு பின்னால் போவோம். 1420களின் பிளாரன்ஸ். நிக்கொலோ நிக்கொலி என்ற செல்வந்தர் பழைய லத்தீன் ஏடுகளைத் தேடித்தேடிப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். வேகமாக எழுத வேண்டும், ஆனால் தெளிவும் போய்விடக் கூடாது. வேகத்தில் கை வலப்பக்கம் சாய்கிறது. எழுத்துகள் ஒன்றையொன்று தொடுகின்றன. பேனாவைத் தாளிலிருந்து எடுக்கும் தடவை குறைகிறது.

இப்படிப் பிறந்த கையெழுத்து அறிஞர்கள் நடுவே பரவிற்று. ரோமாபுரியில் போப்பின் அலுவலகத்து எழுத்தர்களும் அதைப் பழகினார்கள். பாதுவாவின் பார்த்தொலொமேயோ சன்வீத்தோ அதைக் கலையாகவே உயர்த்தினார். அவர் எழுதிய சிறு நூல்கள் பெம்போ குடும்பத்திலும் இருந்தன.

ஆகவே 1501இல் படித்தவர் ஒருவருக்குச் சாய்ந்த எழுத்து என்றால் நண்பரின் கடிதம், தானே எடுத்த குறிப்பு, பணம் கொடுத்து எழுதுவித்த அருமையான பிரதி. அந்த நெருக்கத்தைத்தான் ஆல்டஸ் அச்சில் கேட்டார்.

கேட்பது எளிது. செய்யப்போகிறவர் கிரிஃபோ.

சாய்வெழுத்து என்பது நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்தது அன்று. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் நம் தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் நடப்பது அந்தத் தள்ளல்தான். உண்மையான சாய்வெழுத்தில் எலும்புக்கூடே வேறு. லத்தீன் 'ஏ' எழுத்து நேரெழுத்தில் மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறுமாக இரண்டு மாடி கட்டி நிற்கும். சாய்வில் அது ஒரே வயிறும் ஒரு கோடுமாக, பேனா ஒரே வீச்சில் போன வழியாக மாறிவிடும். சாய்வை முழுக்க எடுத்து நிமிர்த்தி வைத்தாலும் அது சாய்வெழுத்துதான் என்று தெரியும்.

* * *

எஃகு முனையில்

கிரிஃபோவின் மேசைக்கு அருகே போய்ப் பார்ப்போம்.

விரல் நீள எஃகுத் துண்டு. அதன் முனையில், அரிசி அளவு இடத்தில், எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். வட்ட எழுத்தின் உள்வெளியைக் குடைந்தெடுப்பது கடினம். அதனால் அந்த உள்வெளியின் வடிவில் இன்னொரு எஃகு முனையைச் செய்து, அதை அடித்து இறக்கிக் குழியாக்குவார்கள். பிறகு வெளிப்புறத்தை அரத்தால் ராவ வேண்டும். அவ்வப்போது முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டுத் தாளில் ஒத்திப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எழுத்து சரியாக வந்ததும் எஃகைக் காய்ச்சி, தோய்த்து, கெட்டியாக்குவார்கள். செப்புத் துண்டில் வைத்து அடித்தால் எழுத்து பள்ளமாக விழும். அந்தச் செப்பை வார்ப்புப் பெட்டியில் பொருத்தி உருகிய ஈயக் கலவையை ஊற்றினால் ஒரே எழுத்து எத்தனை வேண்டுமானாலும் பிறக்கும்.

நேரெழுத்துக்கே இவ்வளவு பாடு. சாய்வெழுத்தில் இரண்டு புதுச் சிக்கல் சேர்ந்துகொண்டன.

ஈய எழுத்தின் உடல் செவ்வகக் கட்டை. சாய்ந்த எழுத்தின் தலை வலப்பக்கம் எட்டிப் பார்க்கும், கால் இடப்பக்கம் நீளும். கட்டைக்கு வெளியே நீட்டிய நுனி அச்சின் அழுத்தத்தில் ஒடிந்துவிடும். கிரிஃபோ சாய்வை மிகக் குறைவாக வைத்தார். கூர்ந்து பார்த்தால்தான் சாய்வு தெரிகிறது என்று சொல்லலாம். ஆனாலும் வரி ஓடுகிறது. இது அவருடைய கையின் கெட்டிக்காரத்தனம்.

அடுத்த சிக்கல் இணைப்பு. கையெழுத்தில் எழுத்துகள் தொட்டுக்கொள்ளும். ஈயக் கட்டைகள் தொடா. அதனால் சேர்ந்து வரும் இரட்டைகளை எல்லாம் ஒரே கட்டையாக, தனித்தனி எஃகு முனைகளாக அவர் வெட்டினார். ஒன்றிரண்டல்ல, பல டஜன். அத்தனைக்கும் மேலே சொன்ன அரமும் சுடரும் கரியும்.

பெரிய எழுத்துகளை மட்டும் அவர் சாய்க்கவில்லை. அளவில் சிறிதாக்கி நேராகவே நிறுத்தினார். வர்ஜிலின் ஒவ்வோர் அடியும் நிமிர்ந்த பெரிய எழுத்தோடு தொடங்குகிறது. அதன் பின் ஓர் இடைவெளி, பிறகு சாய்ந்த வரி. இடது ஓரத்தில் அந்தப் பெரிய எழுத்துகள் மேலிருந்து கீழாகத் தூண் வரிசையாக நிற்கின்றன. ஏட்டுப் பிரதிகளின் பழக்கத்தை அப்படியே அச்சுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு. எனக்கு அந்தப் பக்கத்தில் மிகப் பிடித்த இடமும் அதுதான்.

நூலின் முன்பகுதியில் மூன்று வரிச் செய்யுள் ஒன்று இருக்கிறது. இந்த எழுத்துகளைச் செதுக்கியவர் பொலோஞ்ஞாவின் பிரான்செஸ்கோ என்று ஆல்டஸ் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். எழுத்து வெட்டியவரின் பெயரை நூலிலேயே போடுவது அக்காலத்தில் அபூர்வம்.

அது நட்பின் உச்சம். அங்கிருந்து இறக்கம்தான்.

* * *

பத்திரம்

புத்தகங்கள் வரிசையாக வந்தன. ஹொரேஸ், ஜூவெனல், மார்ஷியல். ஜூலையில் பெம்போ பதிப்பித்த பெட்ரார்க். அடுத்த ஆண்டு தாந்தே. மாந்துவாவின் அரசி இசபெல்லா தெஸ்தே, தோலில் அச்சிட்ட பிரதிகள் தமக்கு வேண்டுமென்று வெனிஸில் இருந்த தம் ஆளுக்கு எழுதினார். சில ஆண்டு கழித்து, விலை இரட்டிப்பாக இருக்கிறது என்று சொல்லித் தோல் பிரதிகளைத் திருப்பி அனுப்பினார் என்பது வேறு கதை.

நல்ல சரக்குக்குப் போலி உடனே வரும். பிரான்சின் லியோன் நகரத்தில் ஆல்டஸின் அளவிலேயே, ஆல்டஸின் எழுத்தைப் பார்த்து வெட்டிய சாய்வெழுத்திலேயே, ஊர்பேரில்லாமல் நூல்கள் அச்சாயின.

ஆல்டஸ் பத்திரங்களைத் தேடி ஓடினார். 1501 மார்ச்சிலேயே வெனிஸ் அரசிடம் ஒரு சலுகை வாங்கியிருந்தார். 1502 நவம்பரில் வெனிஸ் செனட் பத்தாண்டு உரிமை கொடுத்தது. டிசம்பரில் போப் ஆறாம் அலெக்சாண்டரும் ஓர் உரிமை கொடுத்தார். நூலுக்கு உரிமை கொடுப்பது அதுவரை உண்டு. இங்கே எழுத்தின் வடிவத்துக்கே உரிமை. இந்தச் சாய்வெழுத்தை வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது.

1503 மார்ச்சில் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கைத் தாளும் அச்சிட்டு வெளியிட்டார். லியோன் போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? தாள் மட்டம், அதில் ஒரு வாடை அடிக்கும், எழுத்தில் பிரெஞ்சுச் சாயல் தெரியும் என்றெல்லாம் சொல்லி, அந்தப் பதிப்புகளின் பிழைகளை நூல்வாரியாகப் பட்டியலிட்டார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

லியோனை அந்தப் பத்திரங்கள் தடுக்கவில்லை. தடுத்தது வேறொருவரை.

கிரிஃபோவை.

யோசித்துப் பாருங்கள். எழுத்து வெட்டுவது அவர் தொழில். அவருடைய ஆகச் சிறந்த படைப்பு இந்தச் சாய்வெழுத்து. செனட்டின் முத்திரை விழுந்த நாளிலிருந்து வெனிஸ் ஆட்சி நடக்கும் இடத்தில் எந்த அச்சருக்கும் அவர் அதை வெட்டிக் கொடுக்க முடியாது. தன் கையின் வேலை, சட்டப்படி இன்னொருவர் சொத்து. அந்த வரிகளில் அவர் பெயர் கிடையாது.

இந்த இடத்தில் ஆல்டஸை வில்லனாக்கிவிடக் கூடாது. அவர் பணம் போட்டவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். போலிகளால் உண்மையிலேயே நட்டப்பட்டவர். உயிரைக் கொடுத்துக் கிரேக்க நூல்களைக் காப்பாற்றியவர். ஆனால் மூன்று வரிச் செய்யுளில் ஒப்புக்கொண்டதை ஆல்டஸ் பத்திரத்தில் விட்டுவிட்டார். அநியாயம் நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிரிஃபோ வெனிஸை விட்டுப் புறப்பட்டார்.

* * *

ஃபானோவிலிருந்து ஒரு குரல்

ஆத்ரியாட்டிக் கடற்கரை ஊர் ஃபானோ. கெர்ஷோம் சொன்சினோ அங்கே அச்சுக்கூடம் வைத்திருந்தார். யூதர். எபிரேய நூல்களை அச்சிட்டுப் புகழ்பெற்ற குடும்பம். கிரிஃபோ அவருக்குப் புதிய சாய்வெழுத்து ஒன்றை வெட்டிக் கொடுத்தார்.

1503 ஜூலையில் அந்த எழுத்தில் பெட்ரார்க் வெளிவந்தது. முன்னுரையில் சொன்சினோ விஷயத்தைப் போட்டு உடைத்தார். இந்த எழுத்தைக் கண்டுபிடித்தவர் பிரான்செஸ்கோதான்; ஆல்டஸும் மற்றவர்களும் பிறர் இறகைச் சூடிக்கொண்டு திரிகிறார்கள்.

அந்த நூல் யாருக்குச் சமர்ப்பணம் தெரியுமா? அந்தப் பகுதியின் அதிபதி சேசரே போர்ஜியாவுக்கு. ஏழு மாதம் முன்பு ஆல்டஸுக்கு உரிமைப் பத்திரம் கொடுத்த போப்பின் மகன் அவர். தந்தை ஆல்டஸுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார். மகனுடைய பெயரைத் தாங்கிய நூல் அதை மறுத்தது. அடுத்த மாதமே போப் இறந்தார், போர்ஜியாவின் ஆட்சி சரிந்தது.

குரல் எடுபடவில்லை. ஐரோப்பா முழுவதும் அந்த எழுத்தை ஆல்டஸின் எழுத்து என்றே சொல்லப் பழகிவிட்டது.

* * *

இரும்புக் கம்பி

1515 பிப்ரவரி 6. ஆல்டஸ் இறந்தார். அவர் உடலைச் சுற்றி அவர் அச்சிட்ட நூல்களை அடுக்கி வைத்து மரியாதை செய்தார்கள்.

அடுத்த ஆண்டு கிரிஃபோ பிறந்த ஊரான பொலோஞ்ஞாவில் கடை திறந்தார். இம்முறை பிறருக்கு வெட்டிக் கொடுக்கும் ஆளாக அல்ல, தாமே வெளியீட்டாளராக. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் குட்டி நூல்கள். அதற்கேற்ற நுண்ணிய சாய்வெழுத்து, அவர் கடைசியாக வெட்டியது. 1516 செப்டம்பரில் பெட்ரார்க் வந்தது. ஆல்டஸுக்குக் கிரேக்க எழுத்தும் லத்தீன் எழுத்தும் வெட்டிக் கொடுத்தவன் நான், செல்வமும் பெயரும் அவருக்குப் போயின என்று அதில் அவரே தம் வாயால் சொன்னார்.

பெம்போவின் காதல் உரையாடல் நூலையும் அச்சிட்டார். இருபது ஆண்டு முன்பு, எட்னா நூலுக்காக எழுத்து வெட்டிக் கொடுத்த அதே பெம்போ. இப்போது தம் கடையில், தம் பெயரில், தம் எழுத்தில்.

1517க்குள் ஆறு நூல். அத்தோடு நின்றது.

1518. பொலோஞ்ஞா நீதிமன்றப் பதிவு. மருமகனோடு நடந்த சண்டையில் கிரிஃபோ இரும்புக் கம்பியால் அடித்தார். மகளின் கணவன் இறந்தான். குற்றச்சாட்டு எழுதப்பட்டது.

எதைப் பற்றிய சண்டை? பணமா, குடும்பத் தகராறா? பதிவு அதைச் சொல்லவில்லை. அக்காலத்துச் சட்டப்படி கொலைக்குத் தண்டனை மரணம். கிரிஃபோவைத் தூக்கிலிட்டதற்குக் குறிப்பு இல்லை. விடுவித்ததற்கும் இல்லை. அவர் பெயரில் அதற்குப் பிறகு ஒரு நூலும் வரவில்லை.

* * *

பெயரும் போயிற்று

மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 'பொலோஞ்ஞாவின் பிரான்செஸ்கோ' யார் என்பதே மறந்துபோயிற்று. 1858இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் தலைமை நூலகர் அந்தோனியோ பனிட்சி ஒரு சிறு நூல் போட்டார். அந்தப் பிரான்செஸ்கோ வேறு யாருமல்ல, புகழ்பெற்ற ஓவியர் பிரான்செஸ்கோ ராய்போலினிதான் என்று அவர் வாதாடினார். அந்த ஓவியர் பொற்கொல்லரும்கூட, பொலோஞ்ஞாக்காரர். பொருத்தமாகத்தான் பட்டது. பலர் நம்பினார்கள்.

பொலோஞ்ஞாவின் பழைய ஆவணங்களைக் கிளறிய பிறகுதான் கிரிஃபோ என்ற பெயர் ஐயமின்றி நிலைத்தது. எழுத்தைத் தொலைத்தவர் பெயரையும் தொலைத்து, ஏறத்தாழ நானூறு ஆண்டுக்குப் பின் பெயரை மட்டும் திரும்பப் பெற்றார். அவரை அடையாளம் காட்டியவற்றில் அந்த வழக்கின் ஆவணமும் ஒன்று.

பிறகு 1929. இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம் எட்னா நூலின் எழுத்தைப் புதுப்பித்து 'பெம்போ' என்ற பெயரில் வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களில் கணிசமானவை அந்த எழுத்தில் வந்தன. கிரிஃபோவின் நேரெழுத்து மறுபடி உலகம் சுற்றிற்று.

ஆனால் அதற்குத் துணையாகச் சாய்வெழுத்து ஒன்று வேண்டியிருந்தபோது, அந்த நிறுவனம் கிரிஃபோவின் 1501ஆம் ஆண்டுச் சாய்வெழுத்தைத் தொடவில்லை. 1520களின் எழுத்தாசான் ஒருவருடைய சாய்வைத் தேடிப் போயிற்று.

உலகின் முதல் சாய்வெழுத்தை வெட்டிய கை அங்கேயே இருக்க, அதை ஏன் ஒதுக்கினார்கள்? கிரிஃபோவுக்கும் அந்த எழுத்தாசானுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டில் சாய்வெழுத்துக்கு என்ன நேர்ந்தது? அதற்கு ரோமாபுரியில், போப்பின் அலுவலகத்தில் வேலை பார்த்த லுதோவீக்கோ அர்ரீகி என்ற எழுத்தரைச் சந்திக்க வேண்டும். அவரும் 1527இல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பின் எங்கும் தென்படவில்லை.

(அடுத்த வாரம்: போப்பின் எழுத்தர்)